கதிர்வீச்சுக்குப் பிறகு இறுகிப்போன திசுவுக்கு மருந்து உண்டா?

வந்த கேள்வி இது: "கழுத்தில் ரேடியேஷன் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. புற்றுநோய் திரும்பவில்லை. ஆனால் தோல் தடித்து, கழுத்து இறுகிக்கொண்டே போகிறது. வாயும் முன்போலத் திறப்பதில்லை. இந்தத் தழும்பைக் கரைக்க மாத்திரை இருக்கிறதா? வைட்டமின் ஈ போதும் என்கிறார்களே, உண்மையா? அணு உலை விபத்தில் சிக்கியவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்?"

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். தழும்பை ஒரேயடியாகக் கரைக்கும் மருந்து கிடையாது. இறுக்கத்தை ஓரளவு தளர்த்தக்கூடிய மருந்துகள் உண்டு. அவற்றில் மனிதர்களிடம் அதிகம் சோதிக்கப்பட்டது பென்டாக்ஸிஃபைலினும் வைட்டமின் ஈயும் சேர்ந்த ஜோடி. ஆனால் எந்த மருந்து என்பதைவிட, எப்போது தொடங்குகிறோம், எத்தனை நாள் விடாமல் சாப்பிடுகிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். பாதிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். ஏன் என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கத்தி வெட்டிய காயம் ஆறி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். கதிர்வீச்சுக் காயம் அப்படி நிற்பதில்லை. கதிர் பாய்ந்ததும் திசுவுக்குள் ஆக்ஸிஜன் சார்ந்த வீரியமான மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவை செல்களின் டிஎன்ஏவையும், சிறு ரத்தக்குழாய்களின் உள்சுவரையும் சிதைக்கின்றன. திசுவில் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் எப்போதும் செயலற்ற வடிவில் தயாராக இருக்கும். அந்த வீரிய மூலக்கூறுகளே அதை நேரடியாக விழிக்கச் செய்துவிடும். அது விழித்தால், திசுவைக் கட்டும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் மயோஃபைப்ரோபிளாஸ்ட்களாக மாறி, கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. வேலை முடிந்தது என்று சொல்ல மேஸ்திரி வராத கொத்தனார் கூட்டம் மாதிரி, அவை சுவரின் மேல் சுவர் எழுப்பிக்கொண்டே இருக்கும். இடையில் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, ஆக்ஸிஜன் குறைகிறது, அந்தக் குறைவே இன்னும் கொலாஜனுக்குத் தூண்டுதலாகிறது. இந்தச் சுழற்சி தானாகவே ஓடும். சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்து இறுக்கம் தலைகாட்டுவதும், வருடக்கணக்கில் கூடிக்கொண்டே போவதும் இதனால்தான்.

மருத்துவர்கள் இதை மூன்று கட்டங்களாகப் பிரிப்பார்கள். முதலில் அழற்சிக் கட்டம்: லேசான வீக்கம், சிவப்பு, சில சமயம் எந்த அறிகுறியும் இருக்காது. அடுத்தது நார் கட்டும் கட்டம்: மயோஃபைப்ரோபிளாஸ்ட்கள் நிறைய இருக்கும், திசு தடிக்கும், ஆனால் உயிர்ப்புடன் இருக்கும். கடைசியில் செல்கள் குறைந்து கொலாஜன் மட்டும் அடர்ந்து, திசு சுருங்கி மெலிந்துபோகும் கட்டம். முதல் இரண்டு கட்டங்களில் மருந்துக்கு வேலை இருக்கிறது. மூன்றாவதில் தடுத்து நிறுத்த அங்கே பெரிதாக எதுவும் ஓடிக்கொண்டிருக்காது, எனவே மருந்தும் அதிகம் சாதிக்காது. நீங்கள் ஒன்றரை வருடத்தில் கேட்கிறீர்கள். அது நல்ல நேரம்தான்.

இன்னொரு விஷயத்தை மருந்துக்கு முன்பே சொல்லியாக வேண்டும். ரேடியேஷன் பட்ட இடத்தில் புதிதாக ஒரு கெட்டி தெரிந்தால், அல்லது இருந்த இறுக்கம் சில வாரங்களில் திடீரென்று கூடினால், அதைத் தழும்பு என்று நாமே முடிவுகட்டக் கூடாது. புற்றுநோய் திரும்பியதா என்பதை ஸ்கேனோ பயாப்ஸியோ செய்து விலக்கிவிட்டுத்தான் இந்தப் பேச்சு. வலி, புண், கை மரத்துப்போதல் இருந்தாலும் அப்படியே.

சரி, பென்டாக்ஸிஃபைலினுக்கு வருவோம். கால் ரத்தக்குழாய் அடைப்பால் நடக்கும்போது கெண்டைக்கால் வலிப்பவர்களுக்கு வெகு காலமாகக் கொடுக்கப்படும் பழைய மாத்திரை அது. அமெரிக்காவில் 1984-லேயே அனுமதி பெற்றது. ரத்தச் சிவப்பணுக்கள் எளிதாக வளைந்து நெளிந்து நுண்குழாய்க்குள் போக உதவும். டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தைக் குறைக்கும். வைட்டமின் ஈ, அதாவது டோகோஃபெரால், வீரிய மூலக்கூறுகளைத் தணிக்கும். இரண்டும் தனித்தனியாகப் பெரிதாக எதுவும் செய்வதில்லை. சேர்த்துக் கொடுத்தால் பலன் தெரிகிறது என்று கண்டு அதைப் பரப்பியவர் பாரிஸில் உள்ள செயின்ட் லூயி மருத்துவமனையின் சில்வி டெலானியன். அவர் குழு பயன்படுத்திய அளவு ஒரு நாளைக்குப் பென்டாக்ஸிஃபைலின் 800 மி.கி., வைட்டமின் ஈ 1000 யூனிட்.

2003-இல் அந்தக் குழு வெளியிட்ட ஆய்வைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் இந்தத் துறையின் பலமும் பலவீனமும் அதில் ஒன்றாகத் தெரிகின்றன. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்கள், 29 இறுகிய இடங்கள். நான்கு குழுக்கள்: இரு மருந்தும் பெற்றவர்கள், ஒன்று மட்டும் நிஜமாகவும் மற்றது போலியாகவும் பெற்ற இரு குழுக்கள், இரண்டுமே போலி மாத்திரையாக, அதாவது மருந்தே இல்லாத மாத்திரையாகப் பெற்றவர்கள். ஆறு மாதம் கழித்து அளந்தபோது, இரு மருந்தும் பெற்றவர்களுக்கு இறுகிய பரப்பு சராசரியாக 60% குறைந்திருந்தது. போலி மாத்திரைக் குழுவிலும் 43% குறைந்திருந்தது!

இந்த 43-ஐ யாரும் விளம்பரத்தில் போட மாட்டார்கள். ஆனால் அதுதான் எனக்கு ரொம்பப் பாடம் சொல்லும் எண். இறுக்கத்தை அளப்பது விரலால் தடவி எல்லை குறித்து, அளவுகோல் வைத்துப் பார்க்கும் வேலை. தோலைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துத் தூக்கி மடிப்பு விழுகிறதா என்று பார்ப்பார்கள். நல்ல இடத்தில் மடிப்பு சுலபமாக எழும். இறுகிய இடத்தில் தோலும் கீழே உள்ள தசையும் ஒரே பலகையாக அசையும். இதில் அளப்பவரின் கைப்பழக்கம் கொஞ்சம் கலந்துதான் இருக்கும். அதோடு மருத்துவமனைக்கு வந்து போய்க் கவனிப்பு பெறுபவர்கள் அந்த இடத்தை அசைக்கிறார்கள், தடவிக்கொடுக்கிறார்கள், அதனாலும் தளரும். ஆகவே ஒப்பிட ஒரு குழு இல்லாமல் "எங்கள் மருந்தில் பாதிப் பேருக்குச் சரியானது" என்று யாராவது சொன்னால், கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியதல்ல, ஆனால் இருக்கிறது.

2005-இல் அதே குழு நீண்ட காலச் சிகிச்சையைப் பற்றி எழுதியது. நடைமுறைக்கு அதுதான் இன்னும் பயன்படும் என்பது என் எண்ணம். 44 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், அதிகபட்சப் பலனாகப் பரப்பு சுமார் 68% வரை குறைந்தது. அங்கே போய்ச் சேர ஆன காலம் இரண்டு வருடம். இறுக்கம் வந்து ஆறு வருடத்துக்குள் தொடங்கியவர்களுக்கு 16 மாதம், அதற்கும் பழையது என்றால் 28 மாதம். ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டுவிட்டு நிறுத்தியவர்களில் இறுக்கம் திரும்பி ஏறியது. சுழற்சி அடங்குவதற்குள் பிரேக்கை எடுத்துவிட்டால் அது மறுபடி ஓடத்தான் செய்யும். அதனால்தான் குறைந்தது இரண்டு, கடுமையானவற்றில் மூன்று வருடம் என்று சொல்கிறார்கள். "மூணு மாசம் சாப்பிட்டேன், ஒண்ணும் தெரியல, விட்டுட்டேன்" என்று சொல்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கும். மூன்று மாதத்தில் தெரிய வேண்டியது எதுவும் இல்லை.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 2004-இல் 68 பேரை வைத்து இதே ஜோடியைப் போலி மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். பலன் இல்லை. ஆனால் அவர்கள் முக்கியமாக அளந்தது நிணநீர் தேங்கி வீங்கிய கையின் பருமனை. பங்கேற்றவர்கள் ரேடியேஷன் பெற்றுச் சராசரியாகப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனவர்கள். மருந்து கொடுத்தது ஆறு மாதம். மேலே சொன்ன கட்டங்களையும் காலத்தையும் நினைவில் வைத்துப் பார்த்தால், அந்தத் தோல்வி அவ்வளவு ஆச்சரியம் தராது. ஸ்வீடனில் நடந்த இன்னொரு சோதனையில் வைட்டமின் ஈயுடன் பென்டாக்ஸிஃபைலின் சேர்த்தும் தெளிவான வித்தியாசம் வரவில்லை. அமெரிக்காவில் 2013-இல் வந்த ஆய்வு வேறு மாதிரி: இறுகிய பிறகு அல்ல, ரேடியேஷன் முடிந்த கையோடு ஆறு மாதம் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களுக்கு அந்தப் பக்கத் திசு கூடுதல் மென்மையாக இருந்தது. எல்லாமே சிறிய ஆய்வுகள். ஆயிரம் பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்த யாருக்கும் லாபம் இல்லை, காப்புரிமை காலாவதியான மாத்திரைக்கு எந்த நிறுவனம் காசு போடும்?

மருந்தின் தொந்தரவுகள் பெரிதல்ல, ஆனால் கவனிக்க வேண்டியவை. குமட்டல், வயிற்றுக் கோளாறு, முகம் சிவந்து சூடாதல், தலைச்சுற்றல். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். பென்டாக்ஸிஃபைலின் மெதுவாகக் கரையும் மாத்திரை. அதை உடைத்தோ நசுக்கியோ விழுங்கினால் முழு அளவும் ஒரேயடியாக ரத்தத்தில் ஏறும். விழுங்கக் கஷ்டப்படும் தொண்டைப் புற்றுநோயாளிகள் இதைத் தெரியாமல் பொடி செய்துவிடுகிறார்கள். விழுங்க முடியவில்லை என்றால் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ மாற்று வழி கேளுங்கள். சமீபத்தில் மூளையிலோ விழித்திரையிலோ ரத்தக்கசிவு வந்தவர்களுக்கு இது கூடாது. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமை மருந்து சாப்பிடுபவர்களுக்குப் பென்டாக்ஸிஃபைலின், அதிக அளவு வைட்டமின் ஈ இரண்டுமே ரத்தப்போக்கு ஆபத்தைக் கூட்டும். ஆஸ்துமாவுக்குத் தியோஃபைலின் எடுப்பவர்களுக்கு அதன் அளவு ரத்தத்தில் உயரலாம். சிப்ரோஃபிளாக்ஸசின் சாப்பிட்டால் பென்டாக்ஸிஃபைலினின் அளவு உயரும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும்.

இப்போது "வைட்டமின் ஈ மட்டும் போதுமா?" என்ற பகுதி. போதாது. 2003 ஆய்வில் தனியாகப் பெற்றவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. அதைவிட முக்கியம், வைட்டமின்தானே என்று நினைத்து ரேடியேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே சாப்பிடுவது. கனடாவின் கியூபெக்கில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 540 பேரை வைத்து நடந்த சோதனையில், சிகிச்சைக் காலத்திலும் அதற்குப் பின்னும் ஒரு நாளைக்கு 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்தார்கள். வாய்ப்புண் போன்ற உடனடித் தொந்தரவு குறைந்ததாகத் தெரிந்தாலும், மாத்திரை சாப்பிட்ட காலத்தில் புதிதாக இன்னொரு புற்றுநோய் வருவது அந்தக் குழுவில் கூடியது. அது ஏன் என்று உறுதியாகத் தெரியவில்லை. இன்னொரு கவலையும் உண்டு: புற்று செல்லைக் கொல்ல ரேடியேஷன் நம்பியிருப்பதும் அதே வீரிய மூலக்கூறுகளைத்தான். இது தவிர, 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த செலக்ட் சோதனையின் 2011 முடிவில், தினமும் 400 யூனிட் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17% அதிகம். எனவே இதை ஒரு காரணத்துக்காக, ரேடியேஷன் முடிந்த பிறகு, கண்காணிப்போடு, குறிப்பிட்ட காலத்துக்குச் சாப்பிடும் மருந்தாகப் பாருங்கள். கடையில் வாங்கிச் சாப்பிடும் சத்து மாத்திரையாக அல்ல.

மற்ற மருந்துகளில் என் கவனத்தை ஈர்ப்பது பிராவஸ்டேட்டின். கொழுப்பைக் குறைக்கும் சாதாரண மாத்திரை. மயோஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குள் ரோ என்ற புரதப் பாதையை அடக்கி, சிடிஜிஎஃப் என்னும் நார் கட்டும் சமிக்ஞையைக் குறைக்கும் என்பதை ஆய்வகத்தில் பார்த்துவிட்டு, பிரான்சில் மனிதர்களிடம் சோதித்தார்கள். 2019-இல் வெளியான அந்த ஆய்வில் கழுத்து இறுகிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 60 பேர் சேர்ந்தார்கள். தினமும் 40 மி.கி., ஒரு வருடம். அல்ட்ராசவுண்டில் தடிமனை அளந்ததில், கணக்கில் எடுக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. விரலுக்குப் பதில் அல்ட்ராசவுண்ட் என்பது நல்ல முன்னேற்றம். ஆனால் போலி மாத்திரைக் குழு இல்லை, அந்த 43-ஐ மறந்துவிடாதீர்கள். கொழுப்புக்காகவே ஸ்டேட்டின் தேவைப்படுபவர் என்றால், மருத்துவரிடம் இதையும் குறிப்பிடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ரத்த அழுத்தத்துக்கான கேப்டோப்ரில், எனலாப்ரில் வகை மாத்திரைகளின் கதை வேறு. விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் எலிகளை வைத்துப் பல வருடம் செய்த ஆய்வுகளில், கதிர்வீச்சு தாக்கிய சிறுநீரகத்தையும் நுரையீரலையும் இவை நன்றாகவே காப்பாற்றின, அதுவும் கதிர் பட்ட பிறகு தொடங்கியும்கூட. மனிதர்களிடம் அந்த அளவு தெளிவு வரவில்லை. நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் கேப்டோப்ரிலைச் சோதிக்க அமெரிக்காவில் தொடங்கிய முயற்சி, போதிய ஆட்கள் சேராமலேயே முடிந்துபோனது.

நுரையீரல் என்றதும் ஸ்டீராய்டு பற்றிக் கேட்பார்கள். ரேடியேஷனுக்குப் பின் முதல் ஆறு மாதத்தில் வரும் வறட்டு இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல் என்பது பெரும்பாலும் அழற்சிக் கட்டம். அப்போது பிரெட்னிசோலோன் நன்றாக வேலை செய்யும். மெதுவாகக் குறைத்து நிறுத்த வேண்டும், சட்டென்று நிறுத்தினால் திரும்பி வரும். அப்புறம் நிலைபெற்றுவிட்ட நார்த்திசுவுக்கு ஸ்டீராய்டால் பயன் கிடையாது, தொந்தரவுதான் மிச்சம். காரணம் தெரியாமல் வரும் நுரையீரல் நார்த்திசு நோய்க்கு 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் இரண்டையும் கதிர்வீச்சு நுரையீரலுக்கும் பயன்படுத்திப் பார்த்துவருகிறார்கள். பிர்ஃபெனிடோனைத் தோல், கழுத்து இறுக்கத்துக்கு 2007-இலேயே ஒரு முன்னோடி ஆய்வில் கொடுத்தார்கள். ஏழே பேர், அவர்களில் சிலருக்கு அசைவு கூடியது. ஏழு பேரை வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன்.

புதிய மருந்துகளைப் பற்றிச் செய்திகளில் ஆரவாரம் அதிகம். டிஜிஎஃப்-பீட்டாவை நேராகத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் எலியில் அழகாக வேலை செய்கின்றன. ஆனால் அந்தப் புரதம் உடலில் வேறு பல நல்ல காரியங்களையும் பார்த்துக்கொள்கிறது, முழுதாக அடக்கினால் வேறெங்காவது வம்பு வரும். சிடிஜிஎஃப்-ஐத் தடுக்கும் பாம்ரெவ்லுமாப் எலியின் கதிர்வீச்சு நுரையீரலில் நார்த்திசுவைப் பின்வாங்கவே வைத்தது. 2023-இல் மனிதர்களின் நுரையீரல் நார்த்திசு நோய்க்கான மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. எலிக்கும் மனிதனுக்கும் நடுவே இந்தத் துறையில் பல மருந்துகள் இப்படித்தான் காணாமல் போயின. எனவே "விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்ற தலைப்பைப் பார்த்தால், யாரிடம் சோதித்தார்கள் என்பதை முதலில் தேடுங்கள்.

தாடை எலும்பு செத்துப்போகும் நிலை தனி. அங்கே பென்டாக்ஸிஃபைலின், வைட்டமின் ஈயோடு குளோட்ரோனேட் என்ற எலும்பு மருந்தையும் சேர்த்து 'பென்டோக்ளோ' என்று டெலானியன் குழு கொடுத்தது. 2011-இல் 54 பேரைப் பற்றி எழுதியபோது, நாட்பட்ட கடுமையான புண்கள்கூட ஆறியதாகச் சொன்னார்கள், ஒப்பிடும் குழு இல்லாத ஆய்வுதான். அதே மூன்று மருந்தை, கைக்குப் போகும் நரம்புக் கொத்து கதிர்வீச்சால் பழுதானவர்களிடம் போலி மாத்திரையோடு ஒப்பிட்டு, 2020-இல் முடிவை வெளியிட்டது அதே குழு: பலன் இல்லை. சொந்த மருந்து தோற்றதையும் வெளியிட்டதற்காக அவர்கள் மீது எனக்கு மரியாதை கூடியது. எலும்பில் பலன், நரம்பில் இல்லை என்பது நரம்பின் இயல்பையும் காட்டுகிறது. நார்த்திசு தளர்ந்தாலும் செத்த நரம்பு இழை பிழைத்து வராது.

வருமுன் காக்கும் மருந்து என்றால் அமிஃபோஸ்டின். அணுகுண்டுப் போர் வந்தால் சிப்பாய்களைக் காப்பாற்ற அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வு நிலையம் தேடிய ஆயிரக்கணக்கான ரசாயனங்களில் ஒன்று. 1999-இல் அதை, தலை, கழுத்து ரேடியேஷனால் வாய் வறண்டுபோவதைத் தடுக்க அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ஒவ்வொரு ரேடியேஷன் தவணைக்கும் கால் மணி முதல் அரை மணி நேரம் முன்பு ஊசியாகப் போட வேண்டும். கடுமையான வாந்தியும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வரும். கதிரை இலக்கில் மட்டும் குறிவைக்கும் நவீன இயந்திரங்கள் வந்த பிறகு பலரும் இதைக் கைவிட்டார்கள். ஏற்கெனவே இறுகிய கழுத்துக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

விபத்தில் சிக்கியவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1986 செர்னோபில் விபத்தில் தீயணைப்பாளர்கள் உட்பட 134 பேருக்குக் கடும் கதிர்வீச்சு நோய் உறுதியானது. அவர்களில் 28 பேர் முதல் சில மாதங்களில் இறந்தார்கள். பிழைத்தவர்கள் பலரின் தோல் வருடங்கள் கழித்துப் பலகைபோல் இறுகியது. அவர்களில் ஒரு சிறு குழுவுக்கு ஜெர்மனியில் குறைந்த அளவு இன்டர்ஃபெரான் காமா ஊசியை வாரம் மூன்று முறை, நீண்ட காலம் போட்டார்கள். அது கொலாஜன் உற்பத்தியை அடக்கும் பொருள். தோல் தடிமன் குறைந்ததாக 1999-இல் எழுதினார்கள். காய்ச்சலும் உடல்வலியும் தரும் ஊசி என்பதால் பரவலாகவில்லை. அணு விபத்துக்கான மருந்து என்று இன்று நாடுகள் சேமித்து வைப்பவற்றில் பெரும்பாலானவை, எலும்பு மஜ்ஜையைத் தூக்கிவிடும் ஃபில்கிராஸ்டிம் போன்றவை. அமெரிக்காவில் அதற்கு 2015-இல் இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி கிடைத்தது. அவை முதல் சில வாரங்களில் உயிர் காப்பவை, பின்னால் வரும் தழும்பைத் தொடுவதில்லை. பொட்டாசியம் அயோடைடு தைராய்டைத் தவிர வேறு எதையும் காப்பதில்லை.

இனி உங்கள் கழுத்துக்கு. மருந்தைத் தொடங்கும்போதே அளவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளவுகோலால் பார்த்து எழுதுங்கள். 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அதைத் தாடை இறுக்கம் என்றே கணக்கில் எடுப்பார்கள். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல்வரிசைக்குள் நுழையுமானால் பெரும்பாலும் பரவாயில்லை. கழுத்தை இரு பக்கமும் திருப்பும் அளவையும், அதே வெளிச்சத்தில் ஒரு படத்தையும் மாதம் ஒரு முறை பதிவு செய்யுங்கள். இரண்டு வருட மருந்தில் மாற்றம் அவ்வளவு மெதுவாக வரும், இந்த எண்கள் இல்லாவிட்டால் உங்களுக்கே தெரியாது. கூடவே பிசியோதெரபி கட்டாயம். வாய் திறக்கும் பயிற்சியும் கழுத்து நீட்டும் பயிற்சியும் தினமும் பலமுறை செய்ய வேண்டும். மருந்து புதிதாகக் கட்டுவதைக் குறைக்கும், ஏற்கெனவே கட்டியதை இழுத்துத் தளர்த்துவது பயிற்சிதான். கழுத்துத் தசை சுண்டி இழுத்தால் போட்யுலினம் ஊசி, நரம்பு வலிக்குப் பிரிகாபலின் அல்லது டியூலாக்செட்டின் என்று தனி வழிகள் இருக்கின்றன. அவை தழும்பை மாற்றாது, ஆனால் பயிற்சி செய்ய முடிகிற அளவுக்கு வலியைக் குறைக்கும், அதுவே பெரிய லாபம். புகைப்பிடித்தால் நிறுத்திவிடுங்கள், சுருங்கிய ரத்தக்குழாயை அது இன்னும் சுருக்கும்.

அதிக அழுத்த ஆக்ஸிஜன் அறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது மாத்திரை அல்ல என்றாலும் ஆக்ஸிஜனும் மருந்துதானே. கதிர்வீச்சால் சிறுநீர்ப்பைத் தொந்தரவு வந்தவர்களுக்கு அது உதவியதை 2019-இல் வந்த நார்டிக் ஆய்வு காட்டியது. இடுப்புப் பகுதி குடல் தொந்தரவுக்குப் பலன் இல்லை என்றது 2016-இல் வந்த பிரிட்டன் ஆய்வு.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது பல் விஷயம். ரேடியேஷன் பட்ட தாடையில் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. அதைத் தடுக்க ஆக்ஸிஜன் அறை உதவுமா என்று பிரிட்டனில் சோதித்தார்கள். 2019-இல் வந்த முடிவில், அறைக்குள் போனவர்களில் 6.4% பேருக்கும் போகாதவர்களில் 5.7% பேருக்கும் எலும்பு பாதித்தது. வித்தியாசம் இல்லை. அதனால் பல வாய் அறுவை மருத்துவர்கள் இப்போது பல் எடுப்பதற்குச் சில வாரங்கள் முன்பும் பின்பும் பென்டாக்ஸிஃபைலின்-வைட்டமின் ஈ கொடுக்கிறார்கள். நீங்கள் பல் மருத்துவரிடம் போகும்போது, எந்தப் பக்கத்துக்கு எத்தனை கிரே (கதிர் அளவைக் குறிக்கும் அலகு) ரேடியேஷன் போனது என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பல்லைத் தொடுவதற்கு முன்பே அதை அவரிடம் காட்டுங்கள். அவசரப் பல் வலி வருவதற்கு முன்பே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.